வேர் உள்ள கல்லா, வந்து விழுந்த கல்லா? ‘வெளிப்பாறை’யை அடையாளம் காண, அளக்க, எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் எங்கே ஒரு கருங்கல் கண்ணில் பட்டாலும் ஒன்று நிச்சயம்: அது யாரோ வண்டியேற்றிக் கொண்டுவந்த கல். கோயில் தூண், அம்மி, படித்துறைப் படி, தண்டவாளத்து ஜல்லி என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த ஊர் மண்ணுக்கு அடியிலிருந்து தலைநீட்டிய கல்லாக மட்டும் இருக்காது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் அத்தனை ஆழம். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லும் வெளியூர்க் கல்தான்; பக்கத்தில் வெட்டுவதற்குப் பாறையே கிடையாது.

டெல்டா மாணவர்கள் நிலவியல் படிக்கும்போது ‘அவுட்கிராப்’ என்ற சொல்லில் தடுமாறுவது இதனால்தான். தமிழில் வெளிப்பாறை, பாறை வெளிப்பாடு என்று எழுதுகிறார்கள். “தரைக்கு மேலே தெரியும் பாறை” என்று ஒரு வரியில் பொருள் சொல்லிவிடுகிறார்கள். அந்த வரியை நம்பிப் போனால் கல்லணையில் கொட்டிக் கிடக்கும் கல்லும் வெளிப்பாறை, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரின் களிமண் சரிவு வெளிப்பாறை இல்லை என்றாகிவிடும். உண்மை நேர் எதிர்.

சொல்லுக்குள் இருக்கும் இரண்டு நிபந்தனை

நிலத்துக்கு அடியில் தொடர்ந்து ஓடும் அடிப்பாறை, மேல்மண் மூடாமல் தரையில் தலைகாட்டும் இடமே வெளிப்பாறை. முதல் நிபந்தனை, அடியில் இருக்கும் பாறையோடு அது ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, உருவான பிறகு உருண்டோ சரிந்தோ ஆள் தூக்கியோ இடம் மாறியிருக்கக் கூடாது. ‘வேர் உள்ள கல்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த இரண்டையும் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உயரம் தேவையில்லை: 83 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் திருச்சி மலைக்கோட்டையும் வெளிப்பாறைதான், ஓடைத் தரையில் பாய் விரித்த மாதிரி மழமழவென்று தெரியும் பாறையும் வெளிப்பாறைதான். கடினமும் தேவையில்லை: நகத்தால் கீறினால் உதிரும் களிமண் படுகை (அடுக்காகப் படிந்த தளம்), அது ஒரு பழைய பாறை அடுக்கின் பகுதியாக இருந்தால், வெளிப்பாறை. வீட்டு வாசலில் வைரம் போல உறுதியாகக் கிடக்கும் ஆட்டுக்கல் அப்படி இல்லை.

இந்தச் சொல்லுக்கு இரண்டு வழக்கு உண்டு. பிரிட்டிஷ் மரபில் ‘அவுட்கிராப்’ என்றால் ஒரு பாறை அடுக்கு மேல்மண்ணுக்கு நேர் கீழே வந்து சேரும் பரப்பு முழுவதும். அதன் மேல் இரண்டடி மண்ணும் கடலைக் காடும் இருந்தாலும் அது அவுட்கிராப் பரப்புதான். கண்ணுக்குத் தெரியும் துண்டை மட்டும் ‘எக்ஸ்போஷர்’ என்பார்கள். அமெரிக்க வழக்கில் கண்ணுக்குத் தெரிவதுதான் அவுட்கிராப். நம் கல்லூரிகளில் இரண்டும் கலந்து புழங்குகின்றன. அரியலூர் மாவட்ட நிலவியல் வரைபடத்தில் ஒரு நிறம் பல கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதைப் பார்த்து அங்கே முழுக்கப் பாறை தெரியும் என்று கிளம்பினால், போய்ச் சேர்ந்ததும் பருத்திக் காடும் முந்திரித் தோப்பும்தான் வரவேற்கும். வரைபடம் காட்டுவது முதல் பொருள். நீங்கள் தேடிப் போனது இரண்டாம் பொருள்.

எங்கள் பரிந்துரை: வரைபடத்தைப் பற்றி எழுதும்போது ‘வெளிப்பாறைப் பரப்பு’ என்றும், நேரில் கண்டதை எழுதும்போது வெறுமனே ‘வெளிப்பாறை’ என்றும் பிரித்து எழுதுங்கள். பரப்பு என்ற ஒரு சொல் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிடுவோம். வண்டலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பாறையின் மேல்முகம் ‘சப்கிராப்’; டெல்டா முழுக்க இருப்பது இதுதான். வேரிலிருந்து விடுபட்டு இடம் மாறிக் கிடக்கும் கல் ‘ஃப்ளோட்’, தமிழில் பெயர்ந்த கல் என்று சொல்லலாம். பாறை இருந்த இடத்திலேயே விரிசல் வழியே சிதைந்து, நடுவில் மிஞ்சி நிற்கும் உருண்டைப் பாறைக்குச் சங்கப் பாட்டில் உள்ள ‘துறுகல்’ அழகாகப் பொருந்தும். தொல்லை தருவதும் அதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எண்ணெய் ஆய்வு அறிக்கைகளில் ‘பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு’ என்று படிப்பீர்கள். மன்னார்குடியில் மேட்டைத் தேடாதீர்கள். அது அடிப்பாறையின் மேடு, வண்டலுக்கும் பழைய கடற்படிவுகளுக்கும் கீழே புதைந்தது. அதை ஒட்டிய பள்ளங்களில் படிவு கிலோமீட்டர் கணக்கில் தடித்திருக்கிறது.

டெல்டாவிலிருந்து எங்கே போய்ப் பார்ப்பது

மூன்று திசையில் மூன்று விதமான பாறை இருக்கிறது.

மேற்கே திருச்சி. மலைக்கோட்டை, பொன்மலை, எறும்பீசுவரர் கோயில் அமர்ந்த திருவெறும்பூர்க் குன்று, உய்யக்கொண்டான் திருமலை. எல்லாம் பழைய படிகப் பாறைகள். சுற்றிலும் இருந்த பாறை சிதைந்து அரித்துப் போக, விரிசல் குறைந்த கட்டிகள் மட்டும் நின்றுவிட்டன. இன்னும் தெற்கே இறங்கினால் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை.

வடக்கே, கொள்ளிடம் தாண்டி அரியலூர், பெரம்பலூர். இது வேறு உலகம். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன படுகைகள். நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்ட் 1860-களில் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. காரை, குளக்கல்நத்தம் பக்கம் களிமண் சரிவுகள், கல்லக்குடியில் சுண்ணாம்புக்கல், கருடமங்கலத்தில் சிப்பி நிறைந்த கல், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். கல்மரத்தை 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அங்கே வெளிப்பாறை எது என்று கேட்டால் பலர் மரத்தைக் காட்டுவார்கள். மரத்தைப் பொதிந்து வைத்திருக்கும் படுகைதான் வெளிப்பாறை, மரம் அதற்குள் இருக்கும் புதைபடிவம்.

நேரம் குறைவு என்றால் வடக்கே போங்கள். அந்தப் படுகைகள் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் மெதுவாகச் சாய்கின்றன. அதாவது டெல்டாவுக்குக் கீழே நுழைகின்றன. உங்கள் நெல் வயலுக்கு அடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு, நடந்து போய்த் தொட்டுப் பார்க்கக் கூடிய சான்று அங்கேதான் இருக்கிறது. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்களும் அரியலூர்ப் பாறைகளைத் துருவித் துருவிப் படித்தது இதற்காகத்தான்.

மூன்றாவது, தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேடு. கடலூர் மணற்கல் எனப்படும் இளைய படிவு. அதன் தலை சிவந்து செம்புராங்கல்லாக மாறியிருக்கிறது. பஸ்ஸில் அரை மணியில் போய்விடலாம், ஆனால் புதியவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

படி 1: வீட்டில் முடிக்க வேண்டிய வேலை

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் (ஜி.எஸ்.ஐ.) பூகோஷ் இணையதளத்தில் அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தையும் எடுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்தில் நான்கு இடங்களைக் குறியுங்கள்: ஓடை வளைவின் வெளிக்கரை, ரோட்டு வெட்டு, கைவிட்ட கல்குவாரி, பயிர் இல்லாத வெளிர் திட்டு. மேட்டைவிட ஓடையில்தான் நல்ல வெளிப்பாறை கிடைக்கும். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் முகத்தைக் கழுவிவிட்டுப் போகிறது.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் புல்லும் கொடியும் மறைத்திருக்கும். பிப்ரவரி, மார்ச் சரி. ஏப்ரலுக்குப் பிறகு பாறை மேல் கையே வைக்க முடியாது.

எடுத்துப் போக வேண்டியவை: 800 கிராம் முதல் 1 கிலோ வரை எடையுள்ள நிலவியல் சுத்தியல், கண்ணாடி (கண்ணுக்கு மாட்டுவது, சார்னகைட் என்ற கடினப் பாறையின் சில்லு ஊசி மாதிரி தெறிக்கும்), பத்து மடங்கு காட்டும் லென்ஸ், திசையோடு சாய்வுக் கோணமும் காட்டும் கிளைனோமீட்டர் காம்பஸ், 30 மீட்டர் டேப், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் புட்டியில், அழியாத மார்க்கர், தடித்த பிளாஸ்டிக் பை, கெட்டி அட்டை நோட்டு. கொத்தனார் சுத்தியலை இரவல் வாங்காதீர்கள்; பதப்படுத்திய எஃகு இல்லை, முனை உடைந்து பறக்கும். அமிலத்தை ஆய்வகத்திலேயே கலக்கி வாங்குங்கள். கலக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி இல்லை.

படி 2: கிட்டே போகாதீர்கள்

பாறையைக் கண்டதும் ஓடிப்போய்த் தட்டுவதுதான் எல்லோருக்கும் வரும் கை. பத்து இருபது மீட்டர் தள்ளி நின்று முதலில் படம் வரையுங்கள். அழகாக வேண்டாம். எங்கே பாறை, எங்கே மண், எந்தக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, எது சரிந்து கிடக்கிறது என்பது மட்டும் போதும். போட்டோ இதற்கு மாற்று ஆகாது. போட்டோவில் நிழலும் விரிசலும் ஒன்றாகத் தெரியும். போட்டோவும் எடுங்கள், அளவுக்கு ஒரு சுத்தியலோ பேனாவோ வைத்து.

படி 3: வேர் இருக்கிறதா?

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். ஒரே சோதனையில் முடிவு கட்டாதீர்கள்.

முதலில் காலடியைப் பாருங்கள். கல்லுக்கும் தரைக்கும் நடுவே மண் நிறைந்த இடைவெளி தெரிகிறதா? சுற்றிலும் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடி குறுகிக்கொண்டே போனால் அது கிடக்கும் கல். அகன்றுகொண்டே போனால் பெரும்பாலும் வேர் உள்ளது.

அடுத்து, பக்கத்துக் கற்களோடு ஒப்பிடுங்கள். நைஸ் பாறையில் கருப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும். ஐந்தாறு கற்களில் அந்த வரி ஓடும் திசையைக் காம்பஸில் அளந்து எழுதுங்கள். எல்லாம் பத்துப் பாகைக்குள் ஒத்துப்போனால் அவை நகரவில்லை. ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே என்று காட்டினால் உருண்டு வந்தவை. நார்த்தாமலைப் பக்கத்துத் துறுகற்களை இப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ராட்சசன் கோலி விளையாடிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அவற்றில் சில இம்மியும் நகராதவை, சில குன்றின் தோளிலிருந்து இறங்கியவை. வரியே இல்லாத கிரானைட்டில் விரிசல் ஜோடிகளின் திசையை ஒப்பிடுங்கள்.

மூன்றாவது சத்தம். சுத்தியலால் தட்டினால் வேர் உள்ள புதுப் பாறை கணீரென்று திருப்பி அடிக்கும், கை அதிரும். பெயர்ந்த கல்லோ உரிந்த ஓடோ ‘டொப்’பென்று ஒலிக்கும். ஆனால் வேர் உள்ள பாறையின் மேல்தோல் வெங்காயம் போல உரிந்திருந்தாலும் ‘டொப்’ வரும், அதனால் சத்தத்தை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, மனிதக் கை. உளி துளை வரிசை, தட்டையான முகம், சிமெண்ட் கறை இருக்கிறதா பாருங்கள். ஆற்றங்கரையில் கரை காக்கக் கொட்டிய கல், வாய்க்கால் மதகுக் கல் எல்லாம் சில வருடத்தில் பாசி பிடித்துப் பழம்பாறை வேஷம் போடும். கல்லணையின் பழைய கட்டுமானமே ஆற்று மணலில் கொண்டுவந்து அமிழ்த்திய கற்கள்தான். பெருமைக்குரிய கல், ஆனால் வேர் இல்லாதது.

படி 4: புது முகம் காணுங்கள்

வெளியே தெரிவது வெயிலும் மழையும் தின்ற தோல். ஓர் ஓரத்தில் சின்னச் சில்லு உடைத்து உள்ளே பாருங்கள். வெளியே பழுப்பாக இருக்கும் சார்னகைட், உடைத்தால் எண்ணெய் தடவிய மாதிரி நீலச் சாம்பலாகவோ பச்சைச் சாம்பலாகவோ மின்னும். நிறத்தை எழுதும்போது தோல் நிறம், உள் நிறம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

லென்ஸை இமைக்குக் கிட்டே வைத்துக் கல்லைக் கொண்டுவாருங்கள். மணி (துகள்) எவ்வளவு பெரிது, எல்லாம் ஒரே அளவா, என்னென்ன கனிமம் என்று எழுதுங்கள். பிறகு அமிலம், ஒரே ஒரு சொட்டு. சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட் பொடித்தால்தான் லேசாக நுரைக்கும். மண்ணுக்குள் விளையும் சுக்கான் கல்லும் நுரைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். டெல்டாக் களிமண்ணில் கிடைக்கும் சுக்கான் முடிச்சை அமிலத்தில் நுரைத்ததால் “சுண்ணாம்புக்கல் வெளிப்பாறை” என்று எழுதிய நோட்டுகள் ஏராளம். அமிலம் கல்லின் சரக்கைச் சொல்லும், வேரைச் சொல்லாது.

சுத்தியல் எங்கே கூடாது என்பதும் இந்தப் படியில்தான். சித்தன்னவாசல், மலைக்கோட்டைக் குடைவரை, குடுமியான்மலைக் கல்வெட்டு போன்றவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். சாத்தனூர் கல்மரமும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். அங்கே கண், லென்ஸ், நோட்டு மட்டும். அமிலமும் கூடாது.

படி 5: திசையும் சாய்வும்

சாய்ந்த படுகையில் தண்ணீர் ஊற்றினால் அது ஓடும் திசைதான் ‘டிப்’ திசை. எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது டிப் கோணம். அதற்குக் குறுக்கே, மட்டமாக ஓடும் கோடு ‘ஸ்டிரைக்’. படுகை முகம் கரடுமுரடாக இருந்தால் நோட்டு அட்டையை அதன் மேல் வைத்து, அட்டை மேல் காம்பஸ் வைத்து அளங்கள். ஒரே இடத்தில் மூன்று தடவை. போன் காம்பஸ் பயன்படுத்தினால் காந்தம் வைத்த உறையைக் கழற்றுங்கள். சுத்தியலைத் தள்ளி வையுங்கள், பைக் பக்கத்தில் நிற்காதீர்கள்.

‘110/10’ என்று எழுதினால், 110 பாகைத் திசையில் 10 பாகை சாய்வு என்று பொருள். எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து 110 ஸ்டிரைக்கா டிப்பா என்று உங்களுக்கே தெரியாது.

படி 6: அகலம் வேறு, தடிமன் வேறு

ஒரு சுண்ணாம்புக்கல் படுகை தரையில் 80 மீட்டர் அகலத்துக்குத் தெரிகிறது. படுகை 80 மீட்டர் தடிமனா? இல்லை. சரிவாக வைத்த புத்தகத்தைக் குறுக்கே அறுத்தால் தாள் தடித்துத் தெரிவது போல, சாய்ந்த படுகை தரையில் அகன்று தெரிகிறது. மட்டத் தரையில், ஸ்டிரைக்குச் செங்குத்தாக நடந்து அளந்த அகலத்தை டிப் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குங்கள். 10 பாகைக்கு 0.174. ஆக 80 × 0.174, ஏறக்குறைய 14 மீட்டர்தான் உண்மைத் தடிமன். 5 பாகைக்கு 0.087, 15-க்கு 0.259, 30-க்கு 0.5. குறுக்காக நடக்காமல் கோணலாக நடந்தால் அகலம் கூடிவிடும், தடிமனும் பொய்யாகும். 10-க்குப் பதில் 11 பாகை என்று தவறாக அளந்தாலே 14 மீட்டர் 15-ஐத் தாண்டிவிடுகிறது. மூன்று தடவை அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அதே படுகை டிப் திசையில் 500 மீட்டர் தள்ளி எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? இங்கே டேன் மதிப்பு: 500 × 0.176, 88 மீட்டர். இந்தக் கணக்கை அப்படியே கும்பகோணம் வரை நீட்டாதீர்கள். நடுவில் பிளவுப் பெயர்ச்சிகள் படுகையைப் படிப்படியாக இறக்கியிருக்கின்றன, சாய்வும் மாறும்.

படி 7: எழுதும் முறை

மாதிரிக்கு ஒரு பதிவு:

“இடம் 7. ஓடையின் வலக்கரை. வெளிப்பாறை, 25 மீ நீளம், 4 மீ உயரம். சாம்பல் நிறக் களிமண், வெளித்தோல் செம்மஞ்சள். மெல்லிய ஜிப்சம் இழைகள் விரிசல் வழியே. அமிலத்தில் லேசான நுரை. படுகை 110/8, மூன்று அளவு. அடி தெரியவில்லை, மேலே 60 செ.மீ. மண். மாதிரி 7அ கீழிருந்து 1 மீ உயரத்தில். சரிவின் அடியில் கிடந்த பெலம்னைட் துண்டுகள் பெயர்ந்தவை. எந்த உயரத்திலிருந்து விழுந்தன என்று சொல்ல முடியாது.”

கடைசி வரியைக் கவனியுங்கள். காரைப் பக்கத்துச் சரிவுகளில் பெலம்னைட் (கணவாய் போன்ற பழங்கடல் உயிர்) மாதிரியான புதைபடிவம் மழையில் கழுவி அடியில் சேர்ந்துவிடும். கிடந்த இடத்தை அதன் படுகை என்று எழுதினால் வரிசையே புரண்டுவிடும். மாதிரிக் கல் கைப்பிடி அளவு போதும். கல் மேலேயே எண் எழுதுங்கள், பையில் மட்டும் எழுதினால் பை கிழியும்.

வல்லத்தில் வரும் வழக்கு

செம்புராங்கல் வெளிப்பாறையா? இருந்த இடத்திலேயே பாறை சிதைந்து, இரும்பு மிஞ்சி இறுகியது அது. எனவே இடம் மாறாதது, வெளிப்பாறை என்று எழுதலாம். ஆனால் எதன் வெளிப்பாறை? “கடலூர் மணற்கல் வெளிப்பாறை” என்று எழுத, சிவந்த ஓட்டுக்குக் கீழே மணற்கல்லைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் “செம்புராங்கல் ஓடு, அடிப்பாறை தெரியவில்லை” என்று நிறுத்துங்கள். ஓட்டின் கீழ்ப்பகுதியைப் பார்க்க வாய்க்கால் வெட்டும் ரோட்டு வெட்டும் தேடுங்கள். ரோட்டோரம் பரப்பிய சிவப்புச் சரளை எந்தக் கணக்கிலும் சேராது, அது லாரியில் வந்தது.

போர் போடும் இடத்தில்

இந்தச் சொல்லைத் தினமும் புழங்குபவர்கள் போர்வெல்காரர்கள்தான். “பாறை வந்துருச்சுங்க” என்று அவர் சொல்வதற்குத் திருச்சியில் ஒரு பொருள், திருத்துறைப்பூண்டியில் வேறு பொருள். திருச்சியில் அது உண்மையான அடிப்பாறை. கம்ப்ரசர் வைத்த ஹேமர் ரிக் இல்லாமல் இறங்காது. கீழ்டெல்டாவில் அதே சொல் இறுகிய களிமண்ணையோ சுக்கான் அடுக்கையோ குறிக்கும். அங்கே சேறு சுற்றவிட்டு இறக்கும் ரோட்டரியே போதும். எத்தனை அடியில் வந்தது என்று மட்டும் குறிக்காமல், வெளியே வரும் தூளைப் பத்தடிக்கு ஒரு பிடி வீதம் தனித்தனிப் பையில் வாங்கி, கழுவி, லென்ஸில் பாருங்கள். கண்ணாடி மாதிரிக் குவார்ட்ஸும் மின்னும் ஃபெல்ட்ஸ்பாரும் கூர்முனையோடு வந்தால் பாறையை உளி உடைத்திருக்கிறது. விரலில் குழைந்தால் களிமண். எதுவாக இருந்தாலும் அறிக்கையில் அதற்கு ‘வெளிப்பாறை’ என்று எழுதாதீர்கள். முந்நூறு அடிக்குக் கீழே இருப்பது வெளியே இல்லை.